பினாங்குப் பாலத்தைத் திரும்பத் திரும்பக் கடக்கும் தம்பி: இது ஓ.சி.டி.தானா?

பட்டர்வொர்த் அக்கா | திங்கள், இரவு 10.52

இந்தக் குழுவில் பல ஆண்டுகளாக வாசகியாக மட்டுமே இருந்திருக்கிறேன்; எழுதுவது இதுவே முதல் முறை. என் தம்பிக்கு வயது 26. பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முறைவேலை செய்கிறான். வீட்டிலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் விடியற்காலையில் வேலை முடிந்து வந்தவன், வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கைவிளக்கை எடுத்துவந்து முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பூனை ஏதும் அடிபட்டதா என்று கேட்டேன். "பாலத்துல தடக்குனு ஒரு சத்தம்க்கா. ஆளா இருக்குமோன்னு நெனச்சேன்" என்றான்.

அந்தப் பாலத்தில் போனவர்களுக்குத் தெரியும்: தளங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் வரத்தான் செய்யும். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் திரும்பிப் போகிறான். நடுப்பாலத்தில் திரும்ப வழியில்லை என்பதால் மறுகரை வரை போய், சுற்றி, 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் மறுபடி ஏறி, சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறான். பார்த்துவிட்டு வரும் வழியிலும் தடக் என்று சத்தம் கேட்கும். அதற்காக இன்னொரு சுற்று. மோட்டார் சைக்கிள்களுக்கு 2019ஆம் ஆண்டு சுங்கக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கட்டணம் இருந்திருந்தால் இரண்டு சுற்றோடு நிறுத்தியிருப்பான் என்று அப்பா கசப்போடு சொல்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்பான்: "அக்கா, பாலத்துல விபத்துன்னு ஏதாச்சும் வந்திருக்கா? ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லு." தமிழ், மலாய் இரண்டிலும் செய்திகளைத் தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்வேன். முகம் தெளியும். பத்து நிமிடம் கழித்து, பாலம் வந்து இறங்கும் ஊரைச் சொல்லி, "பிறை பக்கம் பாத்தியா?" என்று வருவான். இப்படி இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. தாமதமாக வருகிறான் என்று வேலையிடத்தில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அம்மா ஒருவரிடம் அழைத்துப்போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். உறவினர் ஒருவர், சிரித்துக்கொண்டேதான், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு எப்போ அனுப்பப் போறீங்க?" என்று மனநல மருத்துவமனை இருக்கும் ஊரைச் சொல்லிக் கேட்டார். அன்றிரவு தம்பி சாப்பிடவில்லை.

இது ஓ.சி.டி. என்ற மனநோய் என்று ஒரு தோழி சொல்கிறாள். ஆனால் அவன் கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவன் அல்லன். அவன் அறையைப் பார்த்தால் நீங்களே சிரிப்பீர்கள். எங்கே போவது? நான் செய்தி பார்த்துச் சொல்வதைத் தொடரலாமா?

செந்தூல் தாதி | திங்கள், இரவு 11.40

தங்கையே, அரசாங்க மருத்துவமனையில் 31 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் மனநலப் பிரிவில். நோயை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர்தான் என்றாலும், நீங்கள் எழுதியிருப்பதைப் போன்றே பேசிய பலரை நான் பார்த்திருக்கிறேன். தெரியாமல் யாரையோ இடித்துவிட்டோம் என்ற அச்சத்தில் வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்ப்பது இந்த நோயின் நன்கு அறியப்பட்ட வடிவங்களுள் ஒன்று. நான் பார்த்தவர்களில் ஒருவர் லோரி ஓட்டுநர்.

ஓ.சி.டி. என்றால் சுத்தக்காரர், ஒழுங்குக்காரர் என்று நம்மவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதுதான் பெரிய தொல்லை. அலமாரியை அழகாக அடுக்கி வைப்பவர் தம்மை ஓ.சி.டி. என்று சொல்லிக்கொள்கிறார், உண்மையிலேயே நோயுள்ளவர் பத்து ஆண்டுகள் வாய் திறப்பதில்லை. தமிழில் இதை எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். அதற்கு இரண்டு கால்கள். ஒன்று, வேண்டாம் வேண்டாம் என்றாலும் உள்ளே நுழைந்து வதைக்கும் எண்ணம். மற்றொன்று, அந்த வதையைத் தணிப்பதற்காகச் செய்தே தீர வேண்டியிருக்கும் செயல். கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது, எண்ணுவது, மனத்துக்குள் மந்திரம் சொல்வது, மற்றவரிடம் உறுதிமொழி கேட்பது என்று அந்தச் செயல் எந்த உருவிலும் வரலாம். இவை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால், அல்லது வேலையையும் உறவையும் கெடுத்தால், அது வெறும் குணமாக இல்லாமல் நோயாகிறது. நூற்றுக்கு இரண்டு பேருக்காவது வாழ்நாளில் வருவதாகக் கணக்கு. பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளிலோ தொடங்கும்.

வழி எளிதுதான். உங்கள் வட்டாரத்தின் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு) அவரையே அழைத்துப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). நீங்கள் இங்கே எழுதியதைச் சொல்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சிறப்பு மருத்துவருக்கு 5 வெள்ளி. காத்திருக்க வேண்டிவரும்; ஆகவே நாளையே போங்கள்.

தஞ்சோங் ரம்புத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. அங்குள்ள பகாகியா மருத்துவமனை 1911இல் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த தோழிகள் எனக்கு உண்டு. ஊரின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோமே, அந்த வசவுக்குப் பயந்து எத்தனை பேர் வைத்தியத்துக்கே வராமல் போனார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உங்கள் தம்பிக்கு வேண்டியது வெளிநோயாளர் சிகிச்சை. படுக்க வைக்கமாட்டார்கள்.

ஜெலுத்தோங் பெரியவர் | செவ்வாய், காலை 7.15

அனைவருக்கும் வணக்கம். மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 26 வயதுப் பையனுக்கு மனநோய் மாத்திரையைத் தொடங்கிவிட்டால் ஆயுள் முழுதும் அதற்கு அடிமையாகிவிடுவானே என்பது என் கவலை. வேலையிடத்துக்குத் தெரிந்தால் வேலை போகும். பெண் கொடுப்பவர்களும் விசாரிப்பார்கள். எங்கள் காலத்தில் தோட்டத்தில் இவ்வளவு யோசிக்க நேரமே இருந்ததில்லை. காலையில் தண்ணீர்மலை முருகனை ஏறிக் கும்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், மனம் ஒருநிலைப்படும். பையனிடம் அன்பாகப் பேசி, யாரும் அடிபடவில்லை என்று உறுதியாகச் சொன்னாலே போதும் என்பது என் எண்ணம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகன் | செவ்வாய், பிற்பகல் 1.05

ஐயா, கும்பிடப் போனதால்தான் என் நோய் முற்றியது என்று சொன்னால் நம்புவீர்களா? பக்தியைப் பழிக்கவில்லை, நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான். எனக்கு 19 வயதில் தொடங்கியது. சாமி படத்தின்முன் நின்று கண்ணை மூடினால் மிக ஆபாசமான ஒரு காட்சி மனத்தில் வந்துபோகும். இப்போது எழுதும்போதும் விரல் தயங்குகிறது. பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சிரு, மன்னிச்சிரு, மன்னிச்சிரு" என்று மூன்று முறை சொல்வேன். மூன்று முறையும் முழு மனத்தோடு சொன்னேனா என்ற ஐயம் வரும், மறுபடி மூன்று. பிறகு ஒன்பது. பிறகு இருபத்தேழு. கோயிலில் எல்லோரும் பிரசாதம் வாங்கிக்கொண்டு போன பிறகும் நான் தூணோரம் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருப்பேன். "எவ்வளவு பக்தியான பிள்ளை" என்று அம்மாவிடம் சொல்வார்கள். ஆறு ஆண்டுகள் அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

கோலாலம்பூரில் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் முதன்முதலில் வாய் திறந்தபோது, அந்த அம்மையார் அதிர்ச்சியடையவே இல்லை. "இந்த எண்ணம் உங்களுக்குப் பிடிக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று அழுதேன். பிடிக்காததால்தான் அது வதைக்கிறது என்றார். கடவுளை மதிக்கிறவனுக்குக் கடவுளைப் பற்றியும், குழந்தையை நேசிப்பவளுக்குக் குழந்தையைப் பற்றியும், பிறருக்குத் தீங்கு நினைக்காதவனுக்கு விபத்தைப் பற்றியும் இது வருகிறது. பட்டர்வொர்த் அக்கா, உங்கள் தம்பி நல்லவராக இருப்பதால்தான் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்குச் செய்த சிகிச்சை, எண்ணத்தை விரட்டுவது அன்று. சாமிபடத்தின்முன் நின்று, எண்ணம் வந்தால் வரவிட்டு, மன்னிப்பு கேட்காமல் நிற்க வேண்டும். முதலில் வீட்டில் நாள்காட்டியில் இருந்த படத்தின்முன் ஐந்து நிமிடம். பிறகு பூசையறை. பிறகு கோயில், கூட்டமில்லாத நேரம். கடைசியாக வெள்ளிக்கிழமை மாலைப் பூசை. முதல் ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. இது இறைநிந்தனை ஆகாதா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த அர்ச்சகர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிவிட்டு வரும்படி உளவியலாளரே அனுப்பினார். "மனசுல வர்றதுக்கெல்லாம் கணக்கு வைக்க சாமிக்கு வேற வேலை இல்லையா?" என்றார் அர்ச்சகர். அதற்குமேல் அவரிடம் திரும்பக் கேட்கக் கூடாது என்பதும் சிகிச்சையின் நிபந்தனை.

பெரியவருக்கு மரியாதையோடு ஒன்று: யாரும் அடிபடவில்லை என்று உறுதியாகச் சொல்வதைத்தான் அந்த அக்கா இரண்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறார். ஐயம் குறைந்ததா?

பட்டர்வொர்த் அக்கா | செவ்வாய், இரவு 9.30

உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு நீண்ட நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குறையவில்லை. முன்பு ஒரு தடவை கேட்பான்; இப்போது ஒரு விடியற்காலைக்குள் இருபது தடவையாவது கேட்கிறான். ஆனால் பதில் சொல்லாமல் இருந்தால் அவன் தவிப்பதைப் பார்க்க முடியவில்லை. அது கொடுமை இல்லையா?

மருத்துவ உளவியலாளர், கோலாலம்பூர் | புதன், இரவு 8.20

இந்தக் கேள்விக்குத்தான் நான் உள்ளே வந்தேன். பொதுவாக மட்டுமே எழுதுகிறேன். பார்க்காத ஒருவருக்கு எழுத்து வழியே சிகிச்சை சொல்ல முடியாது.

நீங்கள் செய்தியைத் தேடிப் பார்த்துச் சொல்லும்போது தம்பிக்குக் கிடைக்கும் நிம்மதி உண்மையானது. சிக்கலே அதுதான். பதற்றம் எழுந்தது, அக்காவிடம் கேட்டேன், தணிந்தது. ஆகவே அடுத்த முறையும் கேட்டால்தான் தணியும் என்று மூளை பாடம் கற்றுக்கொள்கிறது. கேட்காமல் விட்டாலும் பதற்றம் தானாகவே இறங்கும் என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு ஒருமுறைகூட வாய்ப்பு கிடைப்பதில்லை. பாலத்தைச் சுற்றுவது, சக்கரத்தைப் பார்ப்பது, அக்காவிடம் கேட்பது மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உங்கள் அன்பு நோயின் கருவிகளில் ஒன்றாகிவிட்டது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இந்த நோயுள்ள பெரும்பாலான வீடுகளில் யாராவது ஒருவர் இப்படித்தான் இழுக்கப்பட்டிருப்பார்.

"இன்னொரு முறை பார்த்தால் உறுதியாகிவிடும்" என்பது நோயாளியின் நம்பிக்கை. நெதர்லாந்தில் வான் டென் ஹௌட், கிண்ட் என்ற ஆய்வாளர்கள் 2003இல் இதைச் சோதித்தார்கள். நோயில்லாதவர்களைக் கணினித் திரையில் ஓர் எரிவாயு அடுப்பைத் திரும்பத் திரும்ப மூடிச் சரிபார்க்கச் சொன்னார்கள். அவர்களுடைய நினைவின் துல்லியம் கெடவில்லை. ஆனால் அந்த நினைவின் தெளிவும், அதன்மீது அவர்களுக்கிருந்த நம்பிக்கையும் சரிந்தன. பார்க்கப் பார்க்க ஐயம் கூடுகிறது என்பதே இதன் பொருள். உங்கள் தம்பி ஒரு முறை பாலத்தைக் கடந்தால் அவருக்கு ஒரு நினைவு இருக்கும். நான்கு முறை கடந்தபின் எந்தச் சத்தம் எந்தச் சுற்றில் வந்தது என்று அவரால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது.

இத்தகைய எண்ணங்கள் நோயாளிக்கு மட்டும் வருவதில்லை. இலங்கையில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய பத்மால் டி சில்வா, ராக்மன் என்பவரோடு சேர்ந்து 1978இல் வெளியிட்ட ஆய்வில், நோயற்றவர்களில் பெரும்பாலோருக்கும் இதே வகை எண்ணங்கள் வந்துபோவதைக் காட்டினார். நமக்கு வந்தால் "என்ன கன்றாவி" என்று தள்ளிவிட்டுப் போகிறோம். நோயுள்ளவர் அதற்குப் பொருள் தேடுகிறார், பொறுப்பேற்கிறார், விடை கிடைக்கும்வரை எழுந்திருப்பதில்லை.

சிகிச்சையின் வரலாறும் சுவையானது. 1966இல் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதுவரை இதைத் தீராத நோயாகவே கருதிவந்தார்கள். கழுவிக்கொண்டே இருந்த ஒரு பெண்ணின் அறையில் தண்ணீரையே நிறுத்திவிட்டு, தாதியர் உடனிருந்து, அவர் அஞ்சிய பொருள்களைத் தொடவைத்து, கழுவவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த முரட்டுத் தொடக்கத்திலிருந்து வந்ததுதான் இன்று நாங்கள் இ.ஆர்.பி. என்று சொல்லும் சிகிச்சை. இப்போது தண்ணீரை யாரும் நிறுத்துவதில்லை. நோயாளி தம் அச்சங்களை எளியதிலிருந்து கடினமானதுவரை தாமே படிக்கட்டாக அமைத்து, தாமே ஏறுகிறார். அச்சத்தை எதிர்கொள்ள வேண்டும், ஆனால் தணிக்கும் செயலைச் செய்யக் கூடாது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

கொடுமையா என்று கேட்டீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் பதிலை நிறுத்தினால் கொடுமைதான், சண்டையாகவும் முடியும். அவர் அமைதியாக இருக்கும் பகல் நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எதற்குப் பதில் இல்லை, எப்போதிலிருந்து, அப்போது நீங்கள் சொல்லப்போகும் வாக்கியம் என்ன என்பதை இருவருமாக முடிவுசெய்யுங்கள். "இதற்குப் பதில் சொல்வதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம், உனக்குக் கஷ்டமாக இருப்பது தெரிகிறது, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்பது போதும். "யாரும் அடிபடவில்லை" என்றும் சொல்லக் கூடாது. "அடிபட்டிருந்தால் நீதான் பொறுப்பு" என்றும் சொல்லக் கூடாது. அந்த ஐயம் ஐயமாகவே கிடக்கட்டும். இதைச் சிகிச்சையாளரின் துணையோடு தொடங்குவதே நல்லது.

ஜெலுத்தோங் பெரியவர் | புதன், இரவு 10.02

படித்தேன். நான் சொன்னதில் ஒரு பாதி தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். மாத்திரை விஷயத்தை யாரும் இன்னும் சொல்லவில்லை.

செந்தூல் தாதி | வியாழன், காலை 6.30

நான் சொல்கிறேன், அண்ணா. இந்த நோய்க்குப் பலன் தருவதாக முதலில் தெரியவந்தது குளோமிப்ரமின். அமெரிக்காவில் 1989இல் ஒப்புதல் பெற்றது. பக்கவிளைவுகள் சற்று அதிகம் என்பதால் இப்போது ஃபுளுவாக்செட்டின், ஃபுளூவாக்சமின், செர்ட்ராலின் போன்றவற்றைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். இவை போதை தருபவை அல்ல. அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கத்தையும் உண்டாக்குவதில்லை. பழக்கமாகக் கூடியவை வேறு வகைத் தூக்க, பதற்ற மாத்திரைகள். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். ஆனால் நல்லாகிவிட்டது என்று நாமாகச் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு எல்லாம் வரும். மருத்துவர் சொல்லித்தான் மெல்லக் குறைக்க வேண்டும்.

மனச்சோர்வுக்குத் தருவதைவிட இதற்குக் கூடுதல் அளவு தேவைப்படுவது வழக்கம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். முதல் இரண்டு வாரங்களில் குமட்டலும் தலைவலியும் மட்டும் வந்து, நன்மை ஒன்றும் தெரியாது. என் அனுபவத்தில் பாதிப் பேர் மாத்திரையைக் குப்பையில் போடுவது அப்போதுதான். பலன் கிடைத்தபின் குறைந்தது ஓராண்டாவது தொடரச் சொல்வார்கள். இளவயதினருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் மாத்திரை வேண்டும் என்பதில்லை. இலேசாக இருந்தால் இ.ஆர்.பி. பயிற்சி மட்டுமே போதலாம். வேலை பற்றிய அச்சத்துக்கு: நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் மருத்துவர் முதலாளிக்கு எழுதுவதில்லை. முருகனையும் விடவேண்டாம், அண்ணா. படியேறுவது உடம்புக்கு நல்லது.

மருத்துவ உளவியலாளர், கோலாலம்பூர் | வியாழன், காலை 9.10

தாதி அம்மா சொன்னதோடு ஒன்று. பேக்ஸ்டர் குழுவினர் 1992இல் மூளைப் படங்களை ஒப்பிட்டபோது, மாத்திரையால் தேறியவர்கள், பயிற்சியால் தேறியவர்கள் இரு சாராருக்கும் மூளையின் ஆழத்திலுள்ள காடேட் என்ற ஒரே பகுதியின் மிகைச் செயல்பாடு தணிந்திருந்தது. அதனால்தான் மருந்தா மனமா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

பாயா தெருபோங் தாய் | வியாழன், இரவு 11.58

தலைப்பு வேறு என்றால் மன்னிக்கவும். குழந்தைக்கு மூன்று மாதம். காய் நறுக்கும்போது கத்தியைக் கண்டால் ஒரு எண்ணம் வருகிறது. கத்திகளையெல்லாம் மாமியார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். குழந்தையோடு தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. மருத்துவரிடம் சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களா?

மருத்துவ உளவியலாளர், கோலாலம்பூர் | வெள்ளி, காலை 6.05

தலைப்பு வேறு அன்று, அம்மா, இதே தலைப்புதான். பேறுகாலத்துக்குப்பின் இந்த நோய் தொடங்குவதோ கூடுவதோ அரிதன்று. நீங்கள் அந்த எண்ணத்தைக் கண்டு அஞ்சி விலகுவதே, அது உங்கள் விருப்பம் அன்று என்பதைக் காட்டுகிறது. எழுதியதை அப்படியே தாய்சேய் நலக் கிளினிக்கில் உள்ள மருத்துவரிடம் காட்டுங்கள்; கணவரையும் கூட்டிச் செல்லுங்கள். ஆனால் குரல்கள் கேட்டாலோ, குழந்தையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கைகள் தோன்றினாலோ, உயிர்வாழ வேண்டாம் என்று தோன்றினாலோ அது வேறு; உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம். உங்களுக்குத் தனிச்செய்தியும் அனுப்பியிருக்கிறேன்.

பட்டர்வொர்த் அக்கா | ஒன்பது வாரங்களுக்குப் பின், ஞாயிறு, மாலை 5.25

எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கிளினிக்கில் கடிதம் வாங்கினோம். மனநல மருத்துவர் பத்துக் கேள்விகள் கொண்ட ஏல்–பிரவுன் அளவுகோலில் கேட்டு, 40க்கு 27 என்று போட்டார், கடுமையான நிலையாம். செர்ட்ராலின் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகின்றன. தாதி அம்மா சொன்னபடியே இரண்டாம் வாரம் குப்பைத்தொட்டிவரை போனான். உங்கள் பதிவைக் காட்டினேன், திரும்ப எடுத்துக்கொண்டான். மருத்துவமனையின் உளவியலாளரை இதுவரை மூன்று முறைதான் பார்க்க முடிந்திருக்கிறது, இடைவெளி நீளம். முதல் பயிற்சி எங்கள் தாமானுக்குள்ளேயே (குடியிருப்புக்குள்ளேயே): வேகத்தடை மேட்டில் ஏறி இறங்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பாலம் ஐந்தாம் படியில் இருக்கிறது.

என் பங்குக்கு, சொல்லித்தந்த வாக்கியத்தைக் கைப்பேசியில் எழுதிவைத்துக்கொண்டேன். முதல் வாரம் அவன் கத்தினான். ஒருநாள் என் கைப்பேசியைப் பிடுங்கி அவனே தேடினான். நானும் இரண்டு முறை தோற்று, "ஒண்ணும் இல்லடா, போய்த் தூங்கு" என்று சொல்லிவிட்டேன்.

போன வியாழன் விடியற்காலை மழை. மோட்டாரை நிறுத்தினான். உள்ளே வந்து, குளிர்பெட்டியின் மேலிருந்த கைவிளக்கை எடுத்து, கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இருந்த இடத்திலேயே வைத்தான். "அக்கா..." என்று தொடங்கினான். நான் வாக்கியத்தைச் சொன்னேன். "தெரியும்க்கா" என்று வாசற்படியில் போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த குறிப்பேட்டில் 85 என்று எழுதினான். நூற்றுக்கு அவ்வளவு பதற்றம் என்று அர்த்தம். அம்மா வைத்த கோப்பி ஓ ஆறிப்போனது. முப்பத்தைந்து நிமிடம் கழித்து 50 என்று எழுதிவிட்டுக் குளிக்கப் போனான். அன்று பாலத்தைச் சுற்றியது ஒரு முறை. சுற்றாமல் இல்லை. ஒரு முறை.

இதைப் பார்த்த அம்மா கைவிளக்கை எடுத்துத் துணி அலமாரிக்குள் ஒளித்துவைத்தார். அப்படி ஒளிப்பதும் அச்சத்துக்கு இடம் கொடுப்பதுதான் என்று உளவியலாளர் சொல்லிவிட்டதால், தம்பியே தேடி எடுத்து மறுபடி குளிர்பெட்டியின் மேல் வைத்திருக்கிறான். அடுத்த சந்திப்பு 23ஆம் தேதி. அன்று அவனுக்கு இரவு வேலையா, பகல் வேலையா என்று இன்னும் மேற்பார்வையாளரிடம் கேட்கவில்லை.